கறுப்பிக்கு ஒரு கடுவன்

மாப்பிள்ளை தேடி ஜெர்மனிக்குப் போன தமிழர்கள் பலரை எனக்குத் தெரியும். பெண்ணையும் ஒரு பெட்டியில் வைத்துக் கையோடு தூக்கிக்கொண்டு போனவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

பெண்ணின் பெயர் கறுப்பி. அவள் ஒரு ஃபெரெட். தமிழில் இந்தப் பிராணிக்குப் பெயர் கிடையாது. எங்கள் நாட்டில் இல்லாத ஒன்றுக்கு யார் பெயர் வைப்பார்கள்? கீரிப்பிள்ளையைப் பார்த்தவர்கள் அதைக் கொஞ்சம் குட்டையாக்கி, முகத்தில் கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டி கட்டி நினைத்துக்கொண்டால் போதும். இதை முயல் வளைக்குள் இறக்கிவிட்டால் உள்ளே போய் முயல்களைக் கலைக்கும். அவை மறு வாசல்களால் வெளியே பாயும்போது அங்கே நாங்கள் வலை விரித்திருப்போம். ஐரோப்பாவில் இது மிகப் பழைய வேட்டை.

நான் டென்மார்க்கின் தெற்கில், கிறிஸ்துமஸுக்கு நத்தார் மரங்கள் வளர்க்கும் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒரு சிற்றூரில் இருக்கிறேன். மீன் பதனிடும் ஆலையில் வேலை. அங்கே எனக்குப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய யென்ஸ்தான் இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைத்தான். இருவரும் வேட்டைப் பரீட்சை எழுதி அனுமதி எடுத்தோம். மாரி காலத்து ஞாயிறுகளில், கன்று மரங்களை முயல் கடிக்கிறது என்று யாராவது தோட்டக்காரர் கூப்பிட்டால் பெட்டியும் வலையுமாகப் போவோம். யென்ஸ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அவனுடைய ஃபெரெட்டுகள் என்னிடம் வந்தன.

அவை கடையில் வாங்குகிற சாதி அல்ல. யென்ஸின் தகப்பன் ஜெர்மனியில் ஒரு வேட்டைக்காரரிடம் வாங்கி வந்த சோடியின் வழி. சில ஃபெரெட்டுகள் வளைக்குள் முயலைக் கொன்று தின்றுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிவிடும். பிறகு மண்வெட்டியோடு அன்றைய பொழுது போய்விடும். கறுப்பியின் வழியில் அந்தப் பழக்கம் இல்லை. போவாள், கலைப்பாள், திரும்பி வருவாள், நீட்டிய கையில் ஏறிக்கொள்வாள். பிறந்த நாளிலிருந்து அவள் என்னையோ வேறு யாரையுமோ கடித்ததில்லை.

போன மாரியில் அவளுடைய சோடிக் கடுவன் செத்துப் போனான். மற்றவை ஏற்கெனவே போய்விட்டன. வசந்தம் வந்தது, கறுப்பி பருவத்துக்கு வந்தாள். இந்தப் பெட்டைகளுக்கு ஒரு சாபம் உண்டு. பருவத்துக்கு வந்தால் கடுவனோடு சேரும்வரை அது அடங்காது. அடங்காமலே நீண்டால் உடம்பில் இரத்தம் ஊறுவது நின்று, வெளிறி வெளிறிச் செத்துப்போகும்.

மிருக வைத்தியரான பெண் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "ஊசி போடலாம். பருவம் அடங்கும், உயிர் தப்பும். ஆனால் இவளுக்கு வயதாகிவிட்டது. குட்டி போடுவதென்றால் இந்த முறைதான் கடைசி. இரண்டு கிழமை தருகிறேன். பல் முரசு வெளிறினால் அதற்கு முன்பே ஓடி வா."

டென்மார்க்கில் எனக்குத் தெரிந்த எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். கடுவன்கள் இருந்தன, எல்லாம் நலமடித்தவை. விதை எடுத்த கடுவன் வீட்டில் மணக்காது, சண்டை போடாது, சோபாவில் படுத்திருக்கும். அது யாருக்கும் மாப்பிள்ளை ஆகாது.

"சொந்த மகளுக்கு மாப்பிள்ளை பாருங்கோ எண்டு சொன்னதுக்கு, அவளே பாப்பாள் எண்டனீங்கள்," என்றாள் என் மனைவி. "இந்தக் கீரிக்கு நாடு விட்டு நாடு போறியளோ?" அப்படிச் சொன்னாலும் வழிக்குச் சோற்றுப் பொதி கட்டித் தந்தாள். கறுப்பிக்கும் கோழி ஈரலை வெட்டி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தாள்.

ரயிலில் ஏறி எல்லையைத் தாண்டியதும் பொலிஸார் வந்தார்கள். என்னுடைய கடவுச்சீட்டை முன்னும் பின்னும் திருப்பி, முகத்தைப் பார்த்து, படத்தைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்கள். கறுப்பிக்கும் ஒரு கடவுச்சீட்டு உண்டு. விசர்நாய்த் தடுப்பூசி போட்டதற்கான நீலப் புத்தகம். அதை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, "நல்ல பயணமாக அமையட்டும்" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிப் போனார்கள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பருவத்தில் இருக்கும் ஃபெரெட்டின் மணம் கொஞ்சநஞ்சம் அல்ல. பழக்கத்தில் எனக்குத் தெரிவதில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தது. முதலில் ஒரு மாணவன் எழுந்தான், பிறகு ஒரு குடும்பம் எழுந்தது, கொஞ்ச நேரத்தில் அந்த ரயில் பெட்டியில் பாதி காலியாகிவிட்டது. கம்பளிப் பின்னலோடு ஒரு மூதாட்டி மட்டும் எனக்கு எதிரே அசையாமல் இருந்தார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நான் உருகிக்கொண்டிருக்கும்போது அவர் மூக்கைச் சிந்திவிட்டு, "ஒரு மாதமாகத் தடிமன். எதுவும் மணக்கவில்லை," என்றார்.

ஹம்பர்க்கில் அடுத்த ரயிலை ரத்துச் செய்திருந்தார்கள். டென்மார்க்கில் ரயில் பிந்தினால் மன்னிப்புக் கேட்பார்கள். ஜெர்மனியில் காரணம் சொல்கிறார்கள், அதுவும் விளக்கமாக. யாழ்ப்பாணத்தில் பஸ் வராவிட்டால் இரண்டும் கிடையாது, பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து அரசாங்கத்தைத் திட்டலாம். இங்கே பக்கத்தில் நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார். சோற்றுப் பொதியை மேடையிலேயே பிரித்துச் சாப்பிட்டேன். கறுப்பி ஈரலை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். சாப்பாட்டை அவள் வேண்டாம் என்று விட்டதை நான் கண்டது அதுதான் முதல் தடவை.

என்னிடம் இருந்தவை இரண்டு முகவரிகள். முதலாவது லூனபுர்க் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஸபீனே என்ற பெண்மணியுடையது. 'பழைய வேட்டை வழி ஃபெரெட்டுகள்' என்று இணையத்தில் படங்கள் போட்டிருந்தார். கடுவன் உண்டா என்று எழுதிக் கேட்டிருந்தேன். உண்டு, வாருங்கள் என்று பதில் வந்திருந்தது.

மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தேன். மனிதர் வசிக்கும் அறையைவிட நல்ல அறை ஒன்றில் அவை இருந்தன. துணி ஊஞ்சல்கள், சுரங்கக் குழாய்கள், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. பால் நிறத்தில், மொழுமொழு என்று, ஒவ்வொன்றும் ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவு. இவற்றில் ஒன்றை முயல் வளைக்குள் விட்டால் போத்தல் மூடி மாதிரி வாசலில் இறுகி நின்றுவிடும்.

"கடுவன் எது?" என்று கேட்டேன்.

"எல்லாமே கடுவன்கள்தான்," என்றார் பெருமையோடு. "எல்லாவற்றுக்கும் விதை எடுத்தாயிற்று. ஆறு மாதமானதும் செய்துவிடுவேன்."

வேட்டை வழி என்று போட்டிருக்கிறீர்களே என்றேன். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் வேட்டைக்காரராம்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கடுவன் உண்டா என்று கேட்டேன்; உண்டு என்றார். முழுக் கடுவனா என்று நான் கேட்கவில்லை. இனிமேல் வாயால் கேட்டு, கண்ணாலும் பார்த்து உறுதி செய்யாமல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை என்று அந்தப் பூப்போட்ட திரைக்கு முன்னால் நின்று முடிவு செய்தேன்.

ஸபீனே என்னைச் சாப்பிடாமல் போக விடவில்லை. வசந்தத்தில் ஜெர்மன்காரர் எல்லோருக்கும் பிடிக்கிற வெள்ளைத் தண்டுக் கீரை ஒன்று உண்டு, 'ஷ்பார்கல்'. முருங்கைக்காயைத் தோல் சீவி, உப்புப் புளி இல்லாமல் அவித்து, மேலே உருக்கிய வெண்ணெயை ஊற்றியது போல இருந்தது. நல்லது என்று சொன்னேன். மறுபடி போட்டார்.

கறுப்பியைக் கையில் எடுத்துப் பார்த்த அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவளைப் போய் இருட்டு வளைக்குள் அனுப்புகிறீர்களே. என்னிடம் விட்டுவிடுங்கள். இன்றைக்கே ஊசி போடுவிக்கிறேன். மிச்சக் காலத்தை ஊஞ்சலில் கழிக்கட்டும்."

எனக்கு முதலில் கோபம் வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அவர் சொன்னதில் என்ன பிழை என்று யோசித்துப் பார்த்து ஒன்றும் தோன்றாததால் அழுகை வந்தது. ஓர் உயிரைக் காப்பாற்ற வழி இருக்கும்போது அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான். கறுப்பிக்குக் குட்டி வேண்டுமா என்று கறுப்பியை யார் கேட்டார்கள்?

இரண்டாவது முகவரி மூன்ஸ்டர் பக்கத்தில். யென்ஸின் தகப்பனுக்கு அந்த முதல் சோடியைக் கொடுத்த வேட்டைக்காரர் ஹெர்மான். உயிரோடு இருக்கிறாரா என்று சந்தேகத்தோடுதான் தொலைபேசியில் அழைத்தேன். இருந்தார். "யென்ஸின் நண்பனா? வா" என்று சத்தமாகச் சொல்லித் துண்டித்துவிட்டார். என்னுடைய ஜெர்மன் பாதி டேனிஷ். அவருடைய காது பாதிதான் கேட்கும். அதனால் தொலைபேசியில் அதற்கு மேல் பேசி ஒரு பயனும் இல்லை.

மழை. தட்டையான நிலம். சிறிய ஸ்டேஷனில் ஒரு பழைய ஜீப்போடு வந்து நின்றார். வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கறுப்பியின் தோளுக்குக் கீழே இரண்டு விரல் கொடுத்துத் தூக்கி, வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் வீட்டுப் பிள்ளை," என்றார் கடைசியில். "இந்த முகம் என் வீட்டு முகம்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "கடுவன் இருக்கிறதா? முழுக் கடுவன்?" என்று இந்தத் தடவை மறக்காமல் கேட்டேன்.

"இருக்கிறது," என்று சுவரைக் காட்டினார்.

மான் கொம்புகளுக்கு நடுவில், தொலைக்காட்சிக்கு மேலே ஒரு பலகையில், கறுப்பியை அச்சில் வார்த்தது போல ஒரு கடுவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. கண்ணுக்குக் கண்ணாடி மணி. வயிற்றுக்குள் பஞ்சு. இரண்டு வருடத்துக்கு முன் செத்ததாம். இதைவிட நல்ல ஃபெரெட் தன் வாழ்க்கையில் இருந்ததில்லை என்றும், அதனால் பாடம் செய்வித்து வைத்ததாகவும் சொன்னார். அவர் என்னைப் பகிடி பண்ணவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

உருளைக்கிழங்கு சூப் தந்தார். அதில் மிதந்த இறைச்சி என்ன என்று நான் கேட்கவில்லை. முயல்களுக்கு ஒரு கொள்ளை நோய் வந்து, பிறகு வேறொன்று வந்து, அந்த நாட்டுப்புறமெல்லாம் வளைகள் வெறுமையாகிவிட்டனவாம். கூடுகளைக் காட்டக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார். நல்ல ஓக் மரக் கூடுகள். உள்ளே விறகு அடுக்கியிருந்தது.

"முயல் இல்லாத ஊரில் ஃபெரெட்டுக்கு என்ன வேலை?" என்றார். "ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டேன்."

நான் கறுப்பியின் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முரசு வெளிறத் தொடங்கியிருந்தது. அவரும் பார்த்தார். என்னுடைய முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். ஏனென்றால் உள்ளே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து வந்தார்.

"கடைசி ஈற்றில் ஒரு கடுவன் குட்டியை ஓர் இளம் பெண்ணுக்குக் கொடுத்தேன். டோர்ட்மண்டில், மயானத்துத் தோட்டக்காரி. மயானத்தில் முயல் இன்னும் இருக்கிறது, செத்தவர்களுக்கு வைக்கிற பூவைத் தின்றே கொழுக்கிறது. அந்தப் பெண் உன்னைப் போலக் கறுப்புத் தலைமயிர்."

உலகத்தில் பாதிப் பேருக்குக் கறுப்புத் தலைமயிர். நான் அதைப் பொருட்படுத்தாமல் அவருடைய தொலைபேசியிலேயே அழைத்தேன். என் ஜெர்மனில் சொல்லக்கூடியதைச் சொன்னேன். என்னுடைய பெட்டை, பருவம், நாள் கடந்துவிட்டது, முரசு வெளிறுகிறது, கடுவன் வேண்டும். மறுமுனையில் வேகமான ஜெர்மன் வந்தது. ஒரு வரி எனக்குப் பிடிபடாமல், என்னை அறியாமல் "ஐயோ முருகா" என்றேன்.

அந்த ஜெர்மன் சட்டென்று நின்றது. பிறகு, "நீங்கள் தமிழே?" என்று கேட்டது அந்தக் குரல்.

அந்த நேரத்தில் எனக்கு இருந்த நிலையில் நான் நின்றபடியே அழுதேன். ஹெர்மான் நான் உட்கார ஒரு கதிரையைத் தள்ளிவிட்டார்.

"அழாதேங்கோ அண்ணை. இந்த மாசம் முழுக்க எனக்கு உதுக்குத்தான் போன் வருது. உங்களைப்போலை எத்தினை பேர் கொண்டு வருகினம். மொரிட்ஸ் இருக்கிறான், கெட்டிக்காரன். உடனை வெளிக்கிட்டு வாங்கோ."

அவள் பெயர் ஆரணி. டோர்ட்மண்ட் ஸ்டேஷனுக்குச் சேறு படிந்த சப்பாத்தும் பச்சை வேலைக் காற்சட்டையுமாக வந்து, பெட்டியை என் கையிலிருந்து வாங்கி முதலில் முரசைத்தான் பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஜெர்மனியில் வளர்ந்த பிள்ளை. மயானத்தில் புதைகுழிகளைச் சுற்றிப் பூ நடுவது அவளுடைய வேலை. மாரியில், பூவைத் தின்னும் முயல்களை ஃபெரெட் விட்டுப் பிடிப்பதும் அவள் பொறுப்பு.

வீட்டு வாசலில் அவள் உள்ளே வரவில்லை. "அம்மா விடமாட்டா. நான் கெல்லருக்குள்ளை தோஞ்சிட்டுத்தான் மேலை வரலாம்," என்று நிலவறைப் படிகளில் இறங்கிப் போனாள். சுடலைக்குப் போய் வந்தவர் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது. எங்கள் ஊரில் இது செத்தவீட்டு நாளுக்கு உள்ள வழக்கம். இங்கே கிழமைக்கு ஐந்து நாள்.

"அவுஸ்பில்டுங் செய்யிறன், தொழில் படிக்கிறன் எண்டு சொல்லேக்கை, பாங்கிலை எண்டு நினைச்சன்," என்றார் அவளுடைய அம்மா, எனக்குப் புட்டும் கணவாய்க் கறியும் போட்டுக்கொண்டே. "சுடலையிலை முயல் பிடிக்குது. ஆராவது பொம்பிளை கேட்டு வந்தால் நான் என்னெண்டு சொல்லுறது? நீங்கள் சொல்லுங்கோ."

நானே ஒரு கீரிக்கு மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கிறேன். அதைச் சொன்னதும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப நீங்கள் பொம்பிளைப் பகுதி. வடிவாச் சாப்பிடுங்கோ சம்பந்தி!" என்று இன்னும் ஒரு அகப்பை போட்டார். ஜெர்மனிக்கு வந்து முதன்முதலாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

"குட்டி பிறந்தால் ஒண்டு உங்களுக்கு," என்றேன்.

"ஐயோ, எனக்கு வேண்டாம் அப்பு. உள்ளதே காணும்."

அப்போது ஆரணி கீழே குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் குழாய் வழியே கேட்டது.

ஈரத் தலையோடு மேலே வந்து மொரிட்ஸைக் காட்டினாள். பலகையில் பஞ்சு அடைத்து நின்றவனுக்கு உயிர் வந்தது போல இருந்தான். அதே முகப் பட்டி, அதே சிறிய எலும்பு. கையை நீட்டியதும் ஏறி வந்தான். கறுப்பியின் வழிதான், சந்தேகமே இல்லை.

முழுக் கடுவனா, இதற்கு முன் குட்டி கிடைத்திருக்கிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஸபீனேயிடம் கேட்கத் தவறினேன், ஹெர்மானிடம் கேட்டேன். ஆனால் ஒரு தமிழ்த் தாய் பக்கத்தில் நின்று பார்க்க, கல்யாணம் ஆகாத அவருடைய மகளிடம் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்க எனக்கு நா எழவில்லை. ஜெர்மனில் கேட்டால் என்ன என்று யோசித்தேன், அதற்கும் வெட்கமாக இருந்தது. ஆகவே மொரிட்ஸைத் தடவிக் கொடுக்கும் சாக்கில் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். இருக்க வேண்டியவை இருக்க வேண்டிய இடத்தில் வஞ்சகமில்லாமல் இருந்தன. இதற்கு மேல் என்ன கேள்வி என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

இரண்டையும் நிலவறையில் விட்டோம். ஃபெரெட்டுகளின் கல்யாணம் பார்க்கத் தக்கதல்ல. கடுவன் பெட்டையின் பிடரியைக் கவ்வி நிலமெல்லாம் இழுக்கும், அவள் கத்திக் குழறுவாள், அது மணிக்கணக்காக நீளும். அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டுத் தொலைக்காட்சி நாடகத்தின் சத்தத்தைக் கூட்டினார். நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை. இனி ஒண்டும் இல்லை," என்றாள் ஆரணி. "நாளைக்கு ஒருக்கால் விடுவம். முரசு சிவக்கும், நீங்களே பாருங்கோவன்."

அவள் சொன்னபடிதான் நடந்தது. மறுநாளும் அங்கே தங்கினேன். மயானத்தைச் சுற்றிக் காட்டினாள். மயானம் என்று சொல்ல மனம் வராது, பெரிய பூந்தோட்டம். கல்லறைகளுக்கு இடையே முயல்கள் எங்களைப் பார்த்தும் ஓடாமல், யாரோ நேற்று நட்ட பூவைக் கடித்துக்கொண்டு இருந்தன. "ஐப்பசியிலைதான் தொடங்கலாம். செத்தவீடு நடக்கேக்கை ஏலாது. பாதிரியார் கதைக்கேக்கை முயல் பாஞ்சால் சனம் சிரிக்கும்," என்றாள். திரும்பி வந்தபோது நானும் கெல்லரில் குளித்த பிறகுதான் படியேற விட்டார்கள்.

அன்று மாலை கறுப்பி ஈரலைத் தின்றாள், எல்லாவற்றையும். நான் பக்கத்தில் இருந்து அவள் மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறக்கப்போகும் பெட்டை ஒன்றுக்கு ஆரணி என்று பெயர் வைப்பது என்றும், கடுவன் ஒன்றை அடுத்த வருடம் ஹெர்மானிடம் கொண்டுபோய் அந்த விறகுக் கூட்டைத் திறக்கச் சொல்வது என்றும் மனதுக்குள் எல்லாம் பேசி முடித்துவிட்டேன். மனைவிக்கும் அழைத்து, கூடு ஒன்றைக் கழுவி வைக்கச் சொன்னேன்.

புறப்படும்போது அந்த அம்மா இடியப்பம் கட்டித் தந்தார். "போட்டு வாங்கோ சம்பந்தி." ஆரணி ஸ்டேஷன்வரை வந்து பெட்டியை ரயிலில் ஏற்றி வைத்தாள். அன்று ரயில் நேரத்துக்கு வந்தது. இத்தனை நாளில் அந்த ஒரு ரயில்தான் பிந்தவில்லை.

"அண்ணை, ஒண்டு சொல்ல மறந்திட்டன்," என்றாள் கதவடியில் நின்று. "இன்னும் நாலைஞ்சு கிழமையிலை இவவுக்கு வயிறு ஊதும். கூடு கட்டுவா, பாலும் வரும். பிறகு குட்டி ஒண்டையும் காணேல்லை எண்டு பயந்து டொக்டரிட்டை ஓடாதேங்கோ. அது பொய்ச் சினை. எல்லாருக்கும் உப்பிடித்தான் வாறது."

"பொய்ச் சினையோ?"

"ஓம். மொரிட்ஸுக்குப் போன வருசம் குழாயை வெட்டிவிட்டது. நலமடிக்கேல்லை, குழாய் மட்டும். ஆசை இருக்கும், பெட்டையின்ரை பருவம் அடங்கும், குட்டி வராது. அதுக்குத்தானே எல்லாரும் இவனைத் தேடி வருகினம்." அவள் சிரித்தாள். "முயலும் குறைஞ்சு போச்சு. குட்டி போட்டால் ஆர் எடுக்கிறது, சொல்லுங்கோ?"

இப்படி ஒரு முறை இருக்கிறது என்று யென்ஸ் ஒரு தடவை சொன்னதுண்டு. டென்மார்க்கில் நாங்கள் ஊசிதான் போடுவோம். ஆகவே அதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப முழுக் கடுவன், இந்த வழியிலை?" என்று கேட்டேன். இப்போது நா எழுந்தது.

"இல்லை அண்ணை. மொரிட்ஸ்தான் கடைசி. ஏன் கேக்கிறியள்?"

அவளுடைய முகம் சந்தோஷமாக இருந்தது. வேலைக்கு லீவு போட்டு, தன் சாப்பாட்டையும் நிலவறையையும் தந்து, முன்பின் தெரியாத ஒருவனுடைய பிராணியைச் சாவிலிருந்து இழுத்துக் கொடுத்த பிள்ளை.

"சும்மாதான் தங்கச்சி," என்றேன்.

கதவு மூடியது. அவள் கையசைத்தாள், நானும் அசைத்தேன். ஹம்பர்க் வரை பெட்டியைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே கறுப்பி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மணம் அடங்கத் தொடங்கியிருக்க வேண்டும், இந்தத் தடவை யாரும் எழுந்து போகவில்லை. எதிரே இருந்த பெண் இடியப்பத்தைப் பார்த்து அது என்ன என்று அன்பாகக் கேட்டாள். பதில் சொல்ல வாய் திறந்தால் உடைந்துவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

எல்லையில் பொலிஸார் வரவில்லை.

மனைவி கூட்டைக் கழுவி, வைக்கோல் போட்டு வைத்திருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் வைக்கோலை எடுக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, அப்படியே விட்டுவிட்டாள். மிருக வைத்தியர் கறுப்பியின் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, நல்லாக இருக்கிறாள், ஆனால் இனி ஒரு பருவத்தை இவள் தாங்க மாட்டாள், அடுத்த வசந்தத்துக்கு முன் ஊசி என்றார். சரி என்றேன்.

ஆரணி சொன்ன எல்லாம் சொன்னபடி வந்தன. வயிறு ஊதியது. முலைக்காம்பு சிவந்து பால் கட்டியது. தன்னுடைய வயிற்று மயிரைப் பிடுங்கி வைக்கோலுக்கு நடுவில் மெத்தை போட்டாள். நேற்றுக் காலை பார்த்தபோது, முயல் வலை கட்டும்போது நான் போடுகிற தோல் கையுறைகளில் ஒன்றைக் காணவில்லை. அதைக் கூட்டுக்குள் இழுத்துப்போய், சுற்றிச் சுருண்டு, ஒரு விரலை வாய்க்குள் வைத்து நக்கிக்கொண்டிருந்தாள்.

டோர்ட்மண்டிலிருந்து செய்தி வந்திருந்தது. 'கறுப்பி எப்பிடி இருக்கிறா அண்ணை?' சுகமாயிருக்கிறா என்று எழுதினேன்.

பின்னேரம் கையுறையை எடுத்து ஒளித்துவிடுவோம், பார்க்காவிட்டால் மறந்துவிடுவாள் என்று கூட்டுக்குள் கையை விட்டேன். கறுப்பி என்னைக் கடித்தாள். எலும்புவரை கடித்து, விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி உயிர் போனது. நான் கையை இழுக்கவில்லை.

கையுறை அவளிடமே இருக்கிறது.